அடுத்த வீட்டு மொழியில் யோசித்தவர்கள்: யூதத் தத்துவம் கேள்வி பதில்

கேள்வி: தத்துவம் என்றால் தத்துவம்தான். யூதக் கணிதம் என்று ஒன்று இல்லாதபோது யூதத் தத்துவம் மட்டும் எதற்கு?

கணிதத்துக்கு வேதம் கிடையாதே! இங்கே ஒரு கையில் தோரா, அதாவது கடவுள் சீனாய் மலையில் தந்ததாக நம்பப்படும் சட்டம். இன்னொரு கையில் அரிஸ்டாட்டில். இரண்டில் எதையும் கீழே வைக்க மனம் வராதவர்களின் சங்கடத்துக்குத்தான் இந்தப் பெயர்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அலெக்சாண்ட்ரியாவின் பைலோ எழுதியது கிரேக்கத்தில். 10ஆம் நூற்றாண்டில் சாடியா எழுதியது அரபியில். ஸ்பினோசா லத்தீன், மெண்டெல்சோன் பெரும்பாலும் ஜெர்மன், லெவினாஸ் பிரெஞ்சு. பிரார்த்தனைக்கு எபிரேயம், வாதத்துக்கு அடுத்த வீட்டு மொழி. எனக்கு இந்த மரபில் பிடித்ததே இதுதான்.

கேள்வி: அப்படியானால் இவர்கள் யூதர்கள் என்று நூலை வைத்து எப்படித் தெரியும்?

சில சமயம் தெரியாமலே போயிருக்கிறது! 'வாழ்வின் ஊற்று' என்ற நூல் லத்தீனில், அவிசெப்ரோன் என்பவர் எழுதியதாக உலவியது. அவரை முஸ்லிம் என்றார்கள் சிலர், கிறிஸ்தவர் என்றார்கள் சிலர். மூலம் அரபி, உள்ளே பைபிள் மேற்கோள் ஒன்றுகூட இல்லை. பல நூற்றாண்டு கழித்து, 1846இல்தான் சாலமோன் முங்க் என்ற அறிஞர் பழைய எபிரேயச் சுருக்கம் ஒன்றை ஒப்பிட்டுப் பார்த்து, ஆசிரியர் ஸ்பெயின் நாட்டுக் கவிஞர் சாலமோன் இப்னு கபிரோல் என்று நிறுவினார். இத்தனைக்கும் அவருடைய எபிரேயப் பாடல்களை யூதர்கள் ஜெபக்கூடங்களில் ஓதிக்கொண்டுதான் இருந்தார்கள்.

கேள்வி: மைமோனிடிஸ் டாக்டரா, ரப்பியா (யூத மத குருவா)? இரண்டு விதமாகவும் படித்தேன்.

இரண்டும்தான். 1138 வாக்கில் கோர்டோபாவில் பிறந்தவர். அல்மொஹத் என்ற முஸ்லிம் அரச வம்சத்தின் கெடுபிடியில் குடும்பம் ஊரைவிட்டுக் கிளம்பி, பல இடம் அலைந்து, கடைசியில் எகிப்தின் ஃபுஸ்தாத்தில் குடியேறியது. 'குழம்பியோருக்கு வழிகாட்டி' என்ற அவருடைய பெரிய நூல் 1190 வாக்கில் முடிந்தது. மொழி அரபி, எழுத்து எபிரேயம். நம் ஊரில் அரபு எழுத்தில் தமிழை எழுதிய அர்வியை நினைத்துக்கொண்டால் சட்டென்று புரியும்.

அதை எபிரேயத்துக்கு மொழிபெயர்த்த சாமுவேல் இப்னு திப்பொன், சந்தேகம் கேட்க நேரில் வரட்டுமா என்று எழுதினார். 'தாராளமாக வாருங்கள், ஆனால் ஒரு மணி நேரம்கூடத் தனியாகக் கிடைக்க மாட்டேன்' என்கிற தொனியில் பதில் போனது. கூடவே தன் ஒரு நாளையும் விவரித்திருக்கிறார். காலையில் கெய்ரோ அரண்மனை. பசியோடு வீடு திரும்பினால் முன்கூடம் முழுக்க நோயாளிகள். அவர்களிடம் மன்னிப்புக் கேட்டு, கை கழுவி, கொஞ்சம் சாப்பிடுவார். ஒரு நாளுக்கு அந்த ஒரு வேளைதான். அப்புறம் இரவு வரை வைத்தியம். களைப்பு மிஞ்சினால் படுத்துக்கொண்டே மருந்து சொல்வாராம். இதற்கு நடுவில்தான் அந்தத் தடிமனான நூல்கள்.

கேள்வி: கடவுள் இன்னது 'அல்ல' என்று மட்டுமே சொல்லலாம் என்றாராமே. நம்ம 'நேதி நேதி'தானே இது?

தோற்றத்தில் ஆமாம். அவர் தரும் உதாரணம் ஒரு கப்பல். கப்பல் என்ற சொல் ஒருவனுக்குத் தெரியும், பொருள் தெரியாது. அது தாதுப் பொருள் அல்ல என்று ஒருவன் அறிகிறான். உயிரினம் அல்ல என்று அடுத்தவன். பலகைபோலத் தட்டை அல்ல, உருண்டை அல்ல என்று ஒவ்வொருவராகக் கழித்துக்கொண்டே போக, கடைசி ஆள் கப்பலைக் கிட்டத்தட்டப் பார்த்தே விடுகிறான். 'அல்ல' என்பதை ஆதாரத்தோடு சொல்ல வேண்டும் என்பது முக்கியம். வெறும் வாய்ச்சொல் செல்லாது.

ஆனால் முடிவு வேறு. அத்வைதம் படிக்கிறபடி, நேதி நேதி கடைசியில் 'அதுவே நீ' என்று வந்து நிற்கும். மைமோனிடிஸிடம் அந்தப் பேச்சே இல்லை. படைத்தவனுக்கும் மனிதனுக்கும் நடுவே உள்ள பள்ளம் தூராது. கடவுளின் தன்மை என்று நாம் சொல்வதெல்லாம் அவனுடைய செயல்களைத்தான் என்பார்.

கேள்வி: ஸ்பினோசாவை ஒதுக்கிவைத்தார்களே, அவரை எப்படி இந்தக் கணக்கில் சேர்ப்பது?

சேர்க்காவிட்டால் கணக்கே தப்பு. 1656 ஜூலை 27, அம்ஸ்டர்டாம். பையனுக்கு 23 வயது. படுக்கும்போதும் எழும்போதும் சபிக்கப்படட்டும், யாரும் அவனோடு பேசக் கூடாது, அவன் எழுதியதைப் படிக்கக் கூடாது என்று அங்கிருந்த யூதச் சமூகத்தின் தீர்ப்பு. என்ன தப்பான கருத்து என்று மட்டும் அதில் விவரமாக இல்லை.

வேத வரி நிரூபணமான அறிவோடு மோதினால் அதை உருவகமாகப் படி என்றார் மைமோனிடிஸ். ஸ்பினோசா 1670இல் பெயர் போடாமல் வெளியிட்ட நூலில் மைமோனிடிஸின் பெயரைச் சொல்லியே மறுக்கிறார்: வேதம் சொல்வதைச் சொன்னபடியே படி, தத்துவத்தை அதற்குள் திணிக்காதே. எதிராளியை இவ்வளவு நுணுக்கமாகப் படித்தவரை வெளியாள் என்று எப்படிச் சொல்வது? சண்டை வீட்டுக்குள்தான் நடக்கிறது.

கேள்வி: மார்ட்டின் பூபர் காந்தியோடு மோதினார் என்பது உண்மையா?

மோதல் என்பது பெரிய வார்த்தை. ஜெர்மனி யூதர்கள் சத்தியாகிரகம் செய்யலாம் என்று 1938 நவம்பரில் காந்தி 'ஹரிஜன்' இதழில் எழுதினார், தென்னாப்பிரிக்க இந்தியர்களை ஒப்பிட்டு. காந்தியை மதித்த யூதத் தத்துவஞானி பூபருக்கு அது தைத்தது. 1939 பிப்ரவரியில் ஜெருசலேமிலிருந்து நீண்ட கடிதம் எழுதினார். சாட்சி சொல்ல வழியே இல்லாமல், யாருக்கும் தெரியாமல் சாகிறவர்களின் தியாகம் யார் மனதை மாற்றும் என்பது அவர் கேள்வி. பதில் வரவில்லை. 'நான்–நீ' என்ற உறவைப் பற்றியே எழுதிய மனிதருக்கு!

கேள்வி: இந்தியாவோடு வேறு தொடர்பு?

தத்துவத்தில் பெரிதாக இல்லை. துயரத்தில் உண்டு. மைமோனிடிஸுக்கு டேவிட் என்று ஒரு தம்பி. வியாபாரம் செய்து குடும்பத்தைத் தாங்கியவன், அண்ணன் நிம்மதியாகப் படித்தது அந்தச் சம்பாத்தியத்தில். செங்கடல் துறைமுகமான ஐதாபிலிருந்து, இந்தியாவுக்குக் கப்பல் ஏறப்போவதாக டேவிட் எழுதிய கடிதம் கெய்ரோ ஜெபக்கூடத்தின் பழைய காகிதக் குவியலில் கிடைத்திருக்கிறது. இந்தியப் பெருங்கடலில் மூழ்கிப்போனான். குடும்பப் பணமும் அடுத்தவர் பணமும் கூடவே போயின. ஒரு விதவையும் சின்னப் பெண்குழந்தையும் அண்ணன் பொறுப்பில். காய்ச்சலோடு ஓராண்டு படுத்த படுக்கையாகக் கிடந்ததாகப் பல வருடம் கழித்து ஒருவருக்கு எழுதுகிறார். வைத்தியத்தைப் பிழைப்பாகக் கொண்டது அந்த மரணத்துக்குப் பிறகுதான் என்பார்கள். டேவிட்டின் கையெழுத்தோ புத்தகமோ கண்ணில் பட்டால் இன்னும் நெஞ்சு புரள்கிறது என்று அதே கடிதத்தில் இருக்கிறது.