மொழி நம் சிந்தனையைத் தீர்மானிக்கிறதா? அதை எப்படிச் சோதிக்கிறார்கள்?

மொழி சிந்தனைக்கு வேலி போடுவதில்லை. பேசும்போது எதைக் கவனித்தே ஆக வேண்டுமோ, அதைக் கவனிக்கும் பழக்கத்தை ஊட்டுகிறது. அந்தப் பழக்கம் எவ்வளவு ஆழம் போகிறது என்பதில்தான் ஆய்வாளர்களுக்குள் இன்றும் வழக்கு.

மொழியியலாளர் எட்வர்ட் சபீரின் மாணவர் பெஞ்சமின் லீ வோர்ஃப், அமெரிக்கப் பழங்குடி மொழியான ஹோப்பியில் நாம் அறிந்த வகையிலான காலக் கருத்தே இல்லை என்று எழுதினார். எக்கேஹார்ட் மலோட்கி 1983-இல் அம்மொழியின் காலச் சொற்களையும் வடிவங்களையும் திரட்டி ஒரு பெரிய நூலாகவே வெளியிட, அந்த வாதம் சரிந்தது. இலக்கணத்தை மட்டும் பார்த்து மனத்தை ஊகித்ததுதான் வோர்ஃபின் கோளாறு. ஆகவே சோதனை சொற்களுக்கு வெளியே நடக்க வேண்டும்.

ஸ்டீபன் லெவின்சன் குழுவினரின் சுழற்சிச் சோதனை அப்படிப்பட்டது. வடக்கு நோக்கி நிற்பவர் முன் மேசையில் பொம்மை விலங்குகளைக் கிழக்குப் பார்த்து, அதாவது அவருக்கு வலப்பக்கம் பார்த்து, வரிசையாக வைப்பார்கள். மனத்தில் பதித்துக்கொண்டதும் அவரைத் தெற்கு நோக்கித் திருப்பி, இன்னொரு மேசையில் 'அதேபோல' அடுக்கச் சொல்வார்கள். மறுபடி வலம் பார்த்து வைத்தால் தன் உடலை அளவுகோலாகக் கொள்கிறார். இடம் பார்த்து வைத்தால் திசையைப் பிடித்திருக்கிறார். ஒரே முறை செய்தால் தற்செயலாக இருக்கலாம், பல முறை செய்ய வேண்டும். விளக்கும்போது திசைச்சொல் எதுவும் வாயில் வரக்கூடாது.

இதில் எரிக் பெடர்சன் தமிழரிடம் செய்த ஆய்வு எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. மேசைமேல் உள்ள பொருளுக்கும் வடக்கு, தெற்கு சொல்லும் கிராமத்தவர். இடது, வலது சொல்லும் நகரத்தவர். இரு தரப்புக்கும் ஒரே மொழி. ஆனாலும் சோதனையில் அவரவர் பேச்சு வழக்கை ஒட்டியே அடுக்கும் போக்கு தெரிந்தது. அப்படியானால் பார்க்க வேண்டியது அகராதியை அல்ல, அன்றாடப் புழக்கத்தை. மறுப்பும் உண்டு: 2002-இல் பெக்கி லீ, லைலா கிளைட்மன் என்ற ஆய்வாளர்கள், சுற்றுப்புற அடையாளங்களை மாற்றினாலே ஆங்கிலம் பேசுவோரின் விடைகள் மாறுவதைக் காட்டினார்கள். 'அதேபோல' என்பதை இரு விதமாகவும் கொள்ளலாம் அல்லவா!

என் கணிப்பில் இதைவிட உறுதியான முறை, உள்ளுக்குள் பேசுவதைத் தடுத்துப் பார்ப்பது. ரஷ்ய மொழியில் வெளிர் நீலத்துக்கும் அடர் நீலத்துக்கும் தனித்தனிப் பெயர்கள். 2007-இல் ஜோனதன் வினவர் என்ற ஆய்வாளரின் குழுவினர் மூன்று நீலச் சதுரங்களைக் காட்டி, மேலே உள்ளதோடு ஒத்துப்போவது கீழே எது என்று கேட்டார்கள். கீழுள்ள இரண்டும் வெவ்வேறு பெயருக்குரியவை என்றால் ரஷ்ய மொழியினர் வேகமாகச் சொன்னார்கள். எட்டு இலக்க எண்ணை மனத்துக்குள் உருப்போட வைத்தபோது அந்த வேகம் மறைந்தது. சதுரக் கட்டப் படத்தை நினைவில் வைக்கச் சொன்னபோது மறையவில்லை. கண் மாறிவிடவில்லை, மொழி அந்தக் கணத்தில் கூடவே வேலை செய்கிறது.

பல மொழிகளை வரிசைப்படுத்திப் புள்ளிவிவரம் காட்டும் ஆய்வுகளில் இன்னும் எச்சரிக்கை தேவை. எதிர்காலத்தை இலக்கணத்தில் கட்டாயமாகக் குறிக்கும் மொழியினர் குறைவாகச் சேமிக்கிறார்கள் என்றார் பொருளியலாளர் கீத் சென், 2013-இல். உறவுள்ள மொழிகள் தனித்தனிச் சான்றுகள் ஆகா. பழக்கங்களும் சேர்ந்தே வழிவழியாக வந்திருக்கும். மொழிக்குடும்பங்களைக் கணக்கில் எடுத்து 2015-இல் மீண்டும் ஆராய்ந்தபோது அந்தத் தொடர்பு வலுவிழந்தது. அந்த மறு ஆய்வை எழுதியவர்களில் சென்னும் ஒருவர்.