தரையில் உட்கார்ந்து கொஞ்சுங்கள்

கேள்வி: என் மகள் மாஸ்கோவில் வேலை பார்க்கிறாள். ‘ரஷ்யன் டாய்’ என்ற நாய் இனத்தில் 4 மாதக் குட்டி ஒன்றை வாங்கியிருக்கிறாள். அடுத்த மாதம் நான் அங்கே போனதும் பகல் முழுக்க அது என் பொறுப்பு. படத்தில் கால்கள் ஈர்க்குச்சி போல் இருக்கின்றன. தூக்கவே பயமாக இருக்கிறது. எப்படிக் கவனிப்பது?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: அந்தப் பயம் இருக்கட்டும் அம்மா, குட்டிக்கு அதுதான் காவல். வளர்ந்த பிறகும் இதன் உயரம் 20 முதல் 28 சென்டிமீட்டர்தான். எடை 3 கிலோவுக்குள். ஏறக்குறைய இதே அளவுள்ள மினியேச்சர் பின்ஷர் குட்டி ஒன்றை என்னிடம் கொண்டுவந்தார்கள். சோபாவிலிருந்து குதித்ததில் முன்னங்காலின் இரண்டு எலும்புகளும் மணிக்கட்டுக்குச் சற்று மேலே முறிந்திருந்தன. சிறிய இன நாய்களுக்கு அந்த இடத்தில் சதைப்பற்றும் இரத்த ஓட்டமும் குறைவு. மாவுக்கட்டோடு விட்டால் எலும்பு கூடாமலே போகலாம். தகடு வைத்துத் திருகாணி முடுக்கினேன். தூக்கிவந்த சிறுமி அழுத அழுகை இன்னும் என் காதில் இருக்கிறது.

ஆகவே தரையில் உட்கார்ந்து கொஞ்சுங்கள். தூக்கினால் ஒரு கை நெஞ்சுக்கு அடியில், மறு கை பின்புறத்துக்கு அடியில். முன்னங்கால்களைப் பிடித்துத் தூக்கவே கூடாது. கட்டிலில் ஏற்றாதீர்கள். கழுத்துப்பட்டை வேண்டாம், மார்புப்பட்டை போதும்.

நாளுக்கு 4 வேளை சிறுகச் சிறுக ஊட்டுங்கள். வயிறு காய்ந்தால் இரத்தத்தில் சர்க்கரை இறங்கித் தள்ளாடும். ஈறில் துளி தேன் தடவிவிட்டு உடனே மருத்துவரிடம் ஓடுங்கள். ஆறாம் மாதத்தில் வாயைத் திறந்து பாருங்கள். பால்பல் விழாமலே புதுக் கோரைப்பல் பக்கத்தில் முளைத்திருந்தால் பிடுங்கியாக வேண்டும். குளிரில் சட்டையில்லாமல் வெளியே விடாதீர்கள்.

இந்த இனம் பிழைத்ததே பெரிய காரியம். 1920 முதல் 1950 வரை ரஷ்யாவில் வளர்ப்பு ஏறக்குறைய நின்றுபோனது. பிறகு, வம்சாவளிச் சான்று இல்லாத நாய்களை வைத்தே மீட்டெடுத்தார்கள். 1958 அக்டோபர் 12 அன்று மாஸ்கோவில் காதோரம் நீண்ட முடியோடு ஓர் ஆண்குட்டி பிறந்தது. பெயர் சிக்கி. நீள்முடி வகை அதன் வழி வந்ததுதான். உங்கள் மகளின் குட்டிக்கும் காதில் குஞ்சம் வளர்ந்தால் சிக்கு விழாமல் சீவிவிடுங்கள். மடியில் வைத்துச் சீவுவதானால் நாற்காலியில் மட்டும் உட்காராதீர்கள்.