வீட்டு ஸ்கூல்ல லத்தீன் எதுக்கு?

கேளுங்க அக்கா

அக்கா, ஸ்தோத்திரம். நாங்க பெங்களூர் லிங்கராஜபுரத்துல இருக்கோம். பொண்ணுக்கு 10, பையனுக்கு 7. போன ஜூன்ல ஸ்கூலை நிறுத்திட்டு கிளாசிக்கல் கிறிஸ்டியன் முறையில வீட்டுலயே சொல்லித்தர ஆரம்பிச்சோம். ஐடியா வீட்டுக்காரரோடது, வேலை முழுக்க என்னோடது. அமெரிக்க புக்ஸ், லத்தீன், வரலாறு, வசனம்னு காலைல 8 மணிக்கு உக்காந்தா 2 மணி வரைக்கும் கத்திட்டே இருக்கேன். லத்தீன் எனக்கே தெரியாது. அத்தை வேற "பிள்ளைங்கள வீட்டுல பூட்டி வச்சிருக்கா"ன்னு சொந்தக்காரங்க எல்லார்கிட்டயும் சொல்றாங்க. விட்டுரலாமா?

விடுறதுக்கு முன்னாடி அந்த லத்தீனை மட்டும் முதல்ல விடும்மா. நானும் இதே கூத்தை அடிச்சவதான். பெட்டி பெட்டியா புக்ஸ் வரவழைச்சு, கஸ்டம்ஸ் வேற கட்டி, கணக்கு புக்கைத் திறந்தா ஒரு டைம், ரெண்டு டைம்னு போட்டிருக்கு, என் பையன் "அம்மா டைம்னா நேரம்தானே, இதுல காசுன்னு இருக்கே"ன்னு கேட்டான். அமெரிக்காவுல 10 சென்ட் காசுக்கு அதுதான் பேராம், அது எனக்கே அன்னைக்குத்தான் தெரியும். அந்த புக்ஸ்ல பாதி அப்புறம் பழைய பேப்பர் கடைக்குப் போச்சு.

இந்த முறை எங்கிருந்து வந்துச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லிடறேன். 1947-ல டோரத்தி சேயர்ஸ்னு ஒரு இங்கிலாந்து அம்மா, துப்பறியும் கதை எழுதுறவங்க, ஆக்ஸ்ஃபோர்டுல ஒரு உரை குடுத்தாங்க. பழைய ஐரோப்பால இலக்கணம், தர்க்கம், பேச்சுக்கலைன்னு மூணு படியா படிச்சாங்களே, அதை பிள்ளைங்க வளர்ற விதத்தோட பொருத்திக் காட்டினாங்க. சின்ன வயசுல சொன்னதைச் சொல்ற கிளிப்பிள்ளை, அடுத்து எதிர்த்துப் பேசுற வயசு, அப்புறம் தன் மனசுல இருக்கறதை அழகா சொல்ல ஆசைப்படுற வயசு. பாடம் சொல்லிக்குடுத்த அனுபவம் தனக்கு ரொம்பக் கம்மின்னு அந்த உரையோட ஆரம்பத்துலயே அவங்களே ஒத்துக்கிட்டாங்க, அது எனக்கு ரொம்பப் பிடிக்கும். இன்னைக்கு அமெரிக்காவுல நடக்குற கிளாசிக்கல் கிறிஸ்டியன் ஸ்கூல், ஹோம்ஸ்கூல் எல்லாம் பெரும்பாலும் அதுலேர்ந்து கிளம்பினதுதான்.

கிளிப்பிள்ளைப் படிப்பு நமக்கென்ன புதுசா? திண்ணைப் பள்ளிக்கூடத்துல மணல்ல எழுதி, எண்சுவடியையும் ஆத்திசூடியையும் ராகம் போட்டுச் சொன்னவங்க பேரப்பிள்ளைங்கதானே நாம. அந்த அமெரிக்கக்காரங்க லத்தீன் கேக்குறாங்கன்னா அவங்க பழைய நூல், பழைய ஜெபம் எல்லாம் அதுல இருக்கு. நமக்குத் தமிழ்லயே கிடக்கு. வீரமாமுனிவர் இத்தாலியிலேர்ந்து வந்து தமிழ் படிச்சு, தமிழுக்கு லத்தீன்ல இலக்கணம் எழுதிட்டுப் போனார். நாம என்னடான்னா தமிழ்ப் பிள்ளைக்கு அமெரிக்காவுலேர்ந்து லத்தீன் இறக்குறோம்!

ஒண்ணு கேக்கறேன், கோச்சுக்காத. உன் பொண்ணு தமிழ் பைபிளை வாசிப்பாளா? பெங்களூர்ல வளர்ற நம்ம பிள்ளைங்க முக்காவாசிப் பேர் தமிழ் பேசும், எழுத்து தெரியாது, சர்ச்சுல பாட்டைக்கூட இங்கிலீஷ் எழுத்துல வச்சுப் பாடும். அதனால 23-ம் சங்கீதத்தை எடு. "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார், நான் தாழ்ச்சியடையேன்." அந்தக் கடைசி சொல்லை நோட்டுல பெருசா எழுதச் சொல்லு, பக்கத்துல "அடைவேன்"னு எழுதச் சொல்லு. வ போய் ய வந்துச்சு, ஆமாங்கிறது இல்லைன்னு ஆயிடுச்சு. "மாட்டேன்" எங்கயும் வரவே இல்ல பாரு. நாலாவது வசனத்துல இதே மாதிரி இன்னொண்ணு ஒளிஞ்சிருக்கு, கண்டுபிடின்னு சொல்லு. "பயப்படேன்"னு பையன் கத்திட்டு ஓடி வருவான். லத்தீன்ல வினைச்சொல்லை வாய்ப்பாடா ஒப்பிக்க வச்சு எதைப் பழக்குறாங்களோ, அதுதான் இது.

இதுக்கு டீச்சர் நீ இல்ல, உங்க அத்தை. தினம் அரை மணி நேரம் தமிழ் பைபிள் வாசிக்கிறது, பிழை திருத்துறது அவங்க பொறுப்புன்னு குடுத்துடு. பூட்டி வச்சிருக்கான்னு சொன்ன வாய் ஒரு மாசத்துல "என் பேத்தி சங்கீதத்தை சரளமா வாசிக்கிறா"ன்னு போன்ல சொல்லும். ஐடியா குடுத்த உன் வீட்டுக்காரர் ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் வரலாறு எடுக்கட்டும், சனிக்கிழமை கணக்கும் அவருதான், இதுல பேரமே கிடையாது. 7 வயசுக்கு உக்காந்து படிக்கிறது ரெண்டு மணி நேரம் போதும், பெரியவளுக்கு மூணு. மத்தியானம் தெருவுல விளையாடட்டும், கன்னடமும் அங்கயே வந்துடும். அந்த நேரம் நீ தூங்கு.

எங்க பையனுக்கு 12 வயசு, வீட்டுலதான் படிக்கிறான். எதுக்கெடுத்தாலும் வாதம், போன வாரம் பாஸ்டர் பிரசங்கத்துலயே தப்பு கண்டுபிடிச்சு அவர்கிட்டயே போய்க் கேட்டுட்டான். மானம் போச்சு. கண்டிக்கணுமா? (ஒரு அப்பா, காக்ஸ் டவுன்)

மேல சொன்ன ரெண்டாவது படி இதுதான் சார், அடக்கினா போச்சு. ஆனா ஒரு ரூல் போடுங்க. எதிராளி சொன்னதை எதிராளியே "ஆமா, நான் சொன்னது இதான்"னு ஒத்துக்குற அளவுக்கு முதல்ல சொல்லிட்டுத்தான் மறுக்கணும். நன்னூல்ல ஏழு வகை மதம்னு வரும், மதம்னா இங்க கொள்கை, கருத்து. அதுல ஒண்ணு "பிறர்தம் மதமேற் கொண்டு களைவு". அடுத்தவன் கருத்தை முதல்ல எடுத்துக்கிட்டு அப்புறம் நீக்குறது. 13-ம் நூற்றாண்டுல இருந்த கிறிஸ்தவ இறையியல் அறிஞர் தாமஸ் அக்வினாஸும் அப்படித்தான், எதிர்க்கட்சி வாதத்தை முதல்ல அடுக்கிட்டுத்தான் தன் பதிலுக்கே வருவார். பையனை பாஸ்டர் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய் இந்த ரூல்படி திரும்பக் கேக்கச் சொல்லுங்க. நல்ல பாஸ்டரா இருந்தா டீ குடுத்து உக்கார வச்சுப் பேசுவார்.

என் பேத்தி ஸ்கூலுக்கே போகல. பத்தாவது எப்படி எழுதுவா? போலீஸ் வருமா? (ஒரு தாத்தா, அல்சூர்)

போலீஸெல்லாம் வராது தாத்தா. 2010 ஏப்ரல் 1-லேர்ந்து நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயசுப் பிள்ளையைப் பக்கத்து ஸ்கூல்ல சேக்குறது பெத்தவங்க கடமைன்னு சொல்லுது, ஆனா சேக்கலைன்னா இன்ன தண்டனைன்னு அதுல இல்ல. வீட்டுப் படிப்பைப் பத்தி அது வாயே திறக்கல. பத்தாவதுக்கு என்ஐஓஎஸ்னு மத்திய அரசோட திறந்தநிலைப் பள்ளி இருக்கு. 14 வயசு முடிஞ்சிருக்கணும், அஞ்சு பாடம், அதுல ஒரு மொழி கட்டாயம், தமிழையே எடுக்கலாம். பரீட்சை வருஷத்துக்கு ரெண்டு தடவை, ஏப்ரல்-மே, அக்டோபர்-நவம்பர். பதியும்போது பிறப்புச் சான்றிதழும் ஆதாரும் ஒரே ஸ்பெல்லிங்ல இருக்கான்னு இப்பவே பாத்து வைங்க, அதுலதான் நிறையப் பேர் மாட்டிக்கறாங்க.