பெரிய திரை மடிக்கணினி: எதை அளந்து வாங்குவது?

கேள்வி: வீட்டில் எல்லாருக்கும் பொதுவாக ஒரு மடிக்கணினி வேண்டும். கணக்கு எழுத, மகனின் பள்ளி வேலைக்கு, ஊரில் இருக்கும் அம்மாவுடன் காணொளியில் பேச. ஒன்று 17.3 அங்குலம், 1920×1080 திரை, ஐ7 செயலி (கணினியின் மூளை), 8 ஜிபி நினைவகம், 1,399 சிங்கப்பூர் வெள்ளி. மற்றது 16 அங்குலம், 1920×1200, ஐ5, 16 ஜிபி, 1,299 வெள்ளி. கடைக்காரர் பெரியதையே வாங்கச் சொல்கிறார்.
*வாசகி, ஈசூன்*

பதில்: 16 அங்குலத்தை வாங்குங்கள்.

கடையில் சொல்லும் அங்குலம், திரையின் ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைவரை உள்ள நீளம். அதை வைத்து அகலமும் தெரியாது, உயரமும் தெரியாது. நீங்கள் பார்த்த 17.3 அங்குலத் திரையின் விகிதம் 16:9. அகலம் 38.3 செ.மீ., உயரம் 21.5 செ.மீ. 16 அங்குலத் திரையின் விகிதம் 16:10. அகலம் 34.5 செ.மீ., உயரம் அதே 21.5 செ.மீ.! பக்கவாட்டில் கிடைக்கும் நான்கு செ.மீ.க்கும் குறைவான இடத்துக்காகத்தான் பெரியதை வாங்கச் சொல்கிறார்கள். கணக்குத் தாளும் பள்ளிக் கட்டுரையும் மேலிருந்து கீழே நீள்பவை. சிறிய திரையில் மேலிருந்து கீழாக 1,200 புள்ளிகள், பெரியதில் 1,080. ஆகவே ஒரே பார்வையில் அதிக வரிகளைக் காட்டுவது சிறியதுதான்.

இதை நான் பணத்தை இழந்து கற்றுக்கொண்டேன். பல ஆண்டுகளுக்கு முன் சன்டெக்கில் நடந்த கணினிக் கண்காட்சியில், 17.3 என்ற எண்ணை மட்டும் பார்த்து ஒன்றை வாங்கினேன். அங்கே திரையில் கடலும் கிளிகளும் ஓடிக்கொண்டிருந்தன. எழுத்தை யாரும் காட்டவில்லை, நானும் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து ஒரு தமிழ்க் கடிதத்தைத் திறந்தபோதுதான் அது 1600×900 திரை என்பது உறைத்தது. ணகரமும் னகரமும் மங்கித் தெரிந்தன. மெய்யெழுத்தின் புள்ளி எழுத்தோடு ஒட்டிக்கொண்டது. மூன்று ஆண்டுகள் கண்ணைச் சுருக்கிக்கொண்டே வேலை செய்தேன். அதனால் சொல்கிறேன்: கடையிலேயே ஒரு தமிழ்ச் செய்தித்தளத்தைத் திறக்கச் சொல்லி, இரண்டு பத்திகள் படித்துப் பாருங்கள். மறுக்கும் கடையில் வாங்காதீர்கள்.

விலைச்சீட்டில் கொட்டை எழுத்தில் இருக்கும் ஐ7 எந்தத் தலைமுறை என்று கேளுங்கள். பழைய ஐ7ஐப் புதிய ஐ5 எளிதாக முந்திவிடும். நினைவகத்தைப் பல மடிக்கணினிகளில் உள்ளிருக்கும் மின்பலகையோடு பற்றவைத்துவிடுகிறார்கள். இன்று 8 ஜிபி வாங்கினால் கடைசிவரை 8 ஜிபிதான். வீடே பயன்படுத்தப்போகும் கணினிக்கு அது போதாது.

படம் பார்ப்பதுதான் முதல் வேலை என்றால் மட்டும் என் பதில் மாறும். படங்கள் அகலமானவை, அவற்றுக்கு 17.3 பொருந்தும்.

கேள்வி: மலேசியாவின் ஜொகூர் பாருவில் அதே மடிக்கணினி 200 வெள்ளி மலிவு. காலையில் போய் மாலையில் திரும்பிவிடலாமா?
*வாசகர், உட்லண்ட்ஸ்*

பதில்: சிங்கப்பூருக்கு 48 மணி நேரத்துக்குள் திரும்பினால் பொருள், சேவை வரிச் சலுகை 100 வெள்ளிக்குத்தான். அங்கே 1,200 வெள்ளிக்கு வாங்கினால், மீதி 1,100 வெள்ளிக்கு 9 விழுக்காடு, அதாவது 99 வெள்ளி கட்ட வேண்டும். லாபத்தில் பாதி அங்கேயே போய்விட்டது. உத்தரவாதம் சிங்கப்பூரில் செல்லுமா என்பதை எழுத்தில் வாங்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

கேள்வி: 1,099 வெள்ளி என்று சொன்னார்கள். அட்டையைத் தேய்த்த பிறகு, ‘அனைத்துலக உத்தரவாதம்’ என்று 300 வெள்ளி கூடுதலாகக் கேட்டார்கள். அதைக் கொடுக்காவிட்டால் கணினியைத் தரமாட்டோம் என்றார்கள். மகள் பக்கத்தில் நின்றாள், அவமானமாக இருந்தது. கொடுத்துவிட்டேன்.
*வாசகர், செங்காங்*

பதில்: அவமானப்பட வேண்டியவர் நீங்கள் அல்ல, ஐயா. ஒரு விலை சொல்லிப் பணத்தை வாங்கிக்கொண்டு, பொருளைப் பிடித்துவைத்து இன்னொரு தொகை பறிப்பது நியாயமான வணிகமே அல்ல. பயனீட்டாளர் பாதுகாப்பு (நியாய வணிக)ச் சட்டம் இப்படிப்பட்ட செயல்களைத் தடுக்கத்தான் இருக்கிறது. முதலில் ரசீதையும் விளம்பரப் படத்தையும் பத்திரப்படுத்துங்கள். நடந்ததைத் தேதி, நேரத்தோடு இன்றே எழுதிவையுங்கள். மகளையும் தன் காதால் கேட்டதை எழுதச் சொல்லுங்கள். 300 வெள்ளியைத் திருப்பிக் கேட்டுக் கடைக்குக் கடிதம் எழுதுங்கள். அசையாவிட்டால் ‘கேஸ்’ எனப்படும் பயனீட்டாளர் சங்கத்திடம் போங்கள். அதற்கும் மசியாவிட்டால் சிறு உரிமைகோரல் நடுவர் மன்றம் இருக்கிறது. 20,000 வெள்ளிவரையிலான வழக்குகளை அங்கே தொடுக்கலாம், இரண்டு ஆண்டுகள் அவகாசம் உண்டு. அங்கே வழக்கறிஞர்கள் வாதாட முடியாது, ஆகவே கடைக்காரரும் உங்களைப் போலத் தானே வந்து நிற்க வேண்டும். தயங்காமல் போங்கள்.

கேள்வி: தள்ளுபடியில் வாங்கிய 17 அங்குல மடிக்கணினியை ஏழு மாதம் கழித்து இப்போதுதான் பிரித்தேன். திரையில் கோடுகள். ரசீதைக் காணவில்லை.
*வாசகர், ஜூரோங் வெஸ்ட்*

பதில்: ஏழு மாதம் ஏன் பிரிக்கவில்லை? 2012 செப்டம்பரிலிருந்து இங்கே ஒரு நல்ல சட்டம் இருக்கிறது. வாங்கிய ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால், அது விற்கும்போதே இருந்தது என்று எடுத்துக்கொள்வார்கள். இல்லை என்று நிரூபிப்பது கடையின் பாடு. தள்ளுபடிப் பொருளுக்கும் இது பொருந்தும். அந்த ஆறு மாதத்தை நீங்கள் அலமாரியில் பூட்டிவைத்துவிட்டீர்கள். இனி நிரூபிக்க வேண்டியவர் நீங்கள். தயாரிப்பாளரின் உத்தரவாதம் ஓராண்டு என்றால் இன்னும் வழி இருக்கிறது. அட்டையில் பணம் கட்டியிருந்தால் வங்கி அறிக்கையே வாங்கியதற்குச் சான்று. அதை எடுத்துக்கொண்டு நாளைக்கே போங்கள், அடுத்த வாரம் அல்ல.

கேள்வி: பை, மவுஸ், அச்சுப்பொறி இலவசம் என்கிறார்கள். நல்ல பேரமா?
*வாசகி, தெம்பனிஸ்*

பதில்: இல்லை. அவை வேண்டாம், விலையைக் குறையுங்கள் என்று கேளுங்கள்.

கேள்வி: புதியது வருகிறது. பழையதை என்ன செய்வது?
*வாசகர், புக்கிட் பாஞ்சாங்*

பதில்: புதியதை வீட்டில் கொண்டுவந்து தரும் கடை, பழையது ஒன்றைக் கட்டணமின்றி எடுத்துச் செல்ல வேண்டும். 2021 ஜூலை முதல் இதுதான் விதி. ஆர்டர் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். கொடுப்பதற்கு முன், உள்ளே இருக்கும் படங்களையும் வங்கி விவரங்களையும் முழுவதுமாக அழித்துவிடுங்கள்.