அப்பாவோடு பேச்சு "சாப்பிட்டியா"வைத் தாண்டவில்லை என்றவருக்கு

தம்பி, கோலாலம்பூரிலிருந்து மாதம் ஒருமுறை பட்டர்வொர்த் வீட்டுக்குப் போனாலும், ரப்பர் தோட்டத்தில் வளர்ந்த அப்பாவோடு பேச்சு "சாப்பிட்டியா, வேலை எப்படி"யோடு முடிகிறது என்கிறீர்கள். எங்கள் வீட்டிலும் இதே கதைதான்.

எதிரே உட்கார்ந்து "மனசு விட்டுப் பேசுங்கப்பா" என்று மட்டும் கேட்காதீர்கள், மனுஷர் மிரண்டுவிடுவார். பினாங்கு பெர்ரியில் ஜார்ஜ்டவுன் வரை சும்மா கூட்டிப்போங்கள். இரண்டு பேரும் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றால் வாய் தானாகத் திறக்கும். "அந்தக் காலம் எப்படி" என்று பொதுவாகக் கேட்டால் "கஷ்டம்தான்" என்பார், அதோடு சரி. நான் என் அப்பாவிடம், பெரட்டுக்கு (வேலைக்கு முன் விடிகாலையில் பேர் கூப்பிடுவது) எத்தனை மணிக்கு எழுவீங்க, இருட்டில் பால்மரக் காட்டுக்கு யார் கூட வருவாங்க என்று கேட்டேன், தே தாரேக் (ஆற்றிய பால் தேநீர்) ஆறிப்போகும்வரை பேசினார், சின்ன வயதில் இறந்துபோன தம்பியைப் பற்றியும், முதல்முறையாக.

அப்புறம், கேட்டுக்கொண்டே இருந்தால் போலீஸ் விசாரணை மாதிரி ஆகிவிடும். 1997-இல் உளவியலாளர் ஆர்தர் ஆரன் குழு வெளியிட்ட ஆய்வில், முன்பின் தெரியாதவர்கள் லேசானதில் தொடங்கிப் படிப்படியாக ஆழமாகும் 36 கேள்விகளுக்கு மாறி மாறிப் பதில் சொன்னார்கள், 45 நிமிடத்தில் நெருக்கம் வந்தது. அந்த மாறி மாறிதான் விஷயம். வேலையிடத்தில் நீங்கள் பட்ட அவமானத்தை முதலில் சொல்லுங்கள். அவர் கொஞ்சம் மௌனமானால் உடனே அடுத்த கேள்விக்குத் தாவாதீர்கள்.