கரண்ட் இல்லாத குன்றின் மேல் இருக்கும் வைஃபை ரிலேவை 24 மணி நேரமும் சோலாரில் ஓட்ட முடியுமா? 100 வாட் பேனலும் பழைய கார் பேட்டரியும் போதுமா?

ஓட்டலாம். ஆனால் நீங்கள் சொல்லும் சாமான் சித்திரை வெயிலுக்கே ஈடுகொடுக்காது. ஐப்பசி அடைமழையைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

கணக்கை லோடிலிருந்து, அதாவது கருவிகள் இழுக்கும் மின்சாரத்திலிருந்து, தொடங்குங்கள். 5 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ இரண்டு, தலா 8 வாட்; சின்ன ஸ்விட்ச் 4 வாட். மொத்தம் 20 என்று வைத்துக்கொள்வோம். அடாப்டரில் அச்சிட்டிருக்கும் எண்ணை நம்பாமல், டேட்டா ஓடும்போது மல்டிமீட்டரை சீரியலில் (மின்னோட்டம் அதன் வழியே போகும்படி) போட்டு அளந்து பாருங்கள். ஒரு நாளைக்கு 480 வாட்-மணி; டிசி கன்வெர்ட்டர் இழப்பைச் சேர்த்தால் ஏறத்தாழ 530.

இன்வெர்ட்டர் வைத்து 230 வோல்ட்டாக்கி அதில் அடாப்டரைச் செருகாதீர்கள். சின்ன இன்வெர்ட்டர்கூட சும்மா இருக்கும்போதே 8 முதல் 15 வாட் வரை தின்னும். ஆளில்லாத மூன்றாவது ரேடியோவுக்குத் தீனி போடுவது மாதிரி! பேட்டரியிலிருந்து, வோல்ட்டை உயர்த்தும் பூஸ்ட் கன்வெர்ட்டர் மூலம் ரேடியோ கேட்கும் 24 அல்லது 48 வோல்ட்டை நேராகக் கொடுங்கள். கம்பி நீளமென்றால் 48 வோல்ட் ரேடியோதான் நல்லது: 30 மீட்டர் தூரத்துக்கு 1.5 சதுர மி.மீ. செம்புக் கம்பியில் 12 வோல்ட்டாக அனுப்பினால் 1.2 வோல்ட் வழியிலேயே போய்விடும். 48 என்றால் 0.3தான்.

பேட்டரி: லித்தியம் இரும்பு பாஸ்பேட், 12.8 வோல்ட், 150 ஆம்பியர்-மணி. 80 சதவீதம்தான் பயன்படுத்துவோம் என்றாலும் வெயிலே இல்லாமல் கிட்டத்தட்ட மூன்று நாள் தாங்கும். கார் பேட்டரி இஞ்சினைக் கிளப்ப மட்டும் செய்தது. தினமும் ஆழமாக இறக்கினால் சில மாதங்களில் செத்துவிடும்.

பேனல் 330 வாட். கார்த்திகை மாதச் சராசரியாக 3.5 மணி முழு வெயில், 70 சதவீதத் திறன் என்று போட்டால் லோடுக்கு 216 வாட்டே போதும். மீதி, மழை விட்ட பிறகு காலியான பேட்டரியை ஏற்றுவதற்கு. இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். ஒரு மணி வெயிலுக்குச் சமமான வெளிச்சமே கிடைக்கும் மூடாப்பு நாளில்கூட இது 230 வாட்-மணி தரும். அப்போது அதே பேட்டரி ஐந்து நாள் இழுக்கும்.

பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவே இருக்கும் சார்ஜ் கன்ட்ரோலர் எம்பிபிடி வகையாக, அதாவது பேனல் அதிக வாட் தரும் வோல்ட்டிலேயே அதை ஓட்டும் வகையாக, இருக்கட்டும். மலிவான பிடபிள்யூஎம் வகை பேனலை நேராக பேட்டரியோடு இணைப்பதால், 37 வோல்ட் பேனலை பேட்டரியின் 13 வோல்ட்டுக்கு இழுத்துவிடும். 330 வாட்டில் சுமார் 115தான் கைக்கு வரும்.

லோடைத் துண்டிப்பதை கன்ட்ரோலரிலேயே 12.0 வோல்ட்டில் வையுங்கள். அதற்கு முன் பேட்டரிக்குள் இருக்கும் பாதுகாப்பு சர்க்யூட்டான பிஎம்எஸ் துண்டித்தால், பேட்டரியைக் காணாத சில கன்ட்ரோலர்கள் மறுநாள் வெயில் வந்தாலும் கிளம்பாது. குன்றேறித்தான் எழுப்ப வேண்டும். மறுபடி இணைவது 13.2-இல் இருக்கட்டும். இடைவெளி குறைந்தால் ரேடியோ பூட் ஆவதும் அணைவதுமாகவே இரவு கழியும்.

பேனலை மாஸ்டுக்கு (ரேடியோ மாட்டிய கம்பத்துக்கு) தெற்கே, 20 பாகை சாய்வில் நிறுத்துங்கள். மாஸ்டின் ஒல்லி நிழல் ஒரு வரிசை செல் மேல் விழுந்தாலே பேனலின் மூன்றில் ஒரு பங்கு படுத்துவிடும்.

எவ்வளவு சார்ஜ் மிச்சம் என்பதை வோல்டேஜை வைத்துக் கணிக்காதீர்கள். இந்த வகை பேட்டரியில் 13.2-க்கும் 13.0-க்கும் நடுவே கிட்டத்தட்ட பாதிக் கொள்ளளவு ஒளிந்திருக்கும். பேட்டரிக்குள் போகும், வரும் மின்னோட்டத்தை எண்ணும் ஷன்ட் வைத்த மீட்டர் ஒன்றைப் போட்டு, காலை 6 மணி அளவை அதே ரேடியோ வழியாகக் கீழே வரவழையுங்கள்.