மறைந்த கட்டம் மறிக்கிறது: கடிதமும் பதிலும்

வணக்கம்.

வட்டாரத் தமிழ்ப் பட்டறைக்கு இணையப் பதிவுப் படிவம் எழுதுகிறேன். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு என்றால் புளோக், மாடி, வீட்டு எண் கட்டாயம். தரைவீடு என்றால் மாடி எண் வேண்டாம். 18 வயதுக்குக் கீழ் என்றால் பாதுகாவலர் இருப்பிடம். அவர் வெளிநாட்டில் என்றால் நாட்டுக் குறியீடு. அடையாள அட்டை எண்ணின் கடைசி எழுத்தையும் சரிபார்க்கிறேன். 'இப்படி என்றால் இதைச் செய்' என்னும் இஃப் நிபந்தனைகள், இஃப்புக்குள் இஃப் என்று ஐந்தடுக்கு ஆகிவிட்டன. தரைவீட்டைத் தேர்ந்தெடுத்தால் அனுப்பும் பொத்தான் அசைவதில்லை, பிழைச் செய்தியும் இல்லை. எப்படிப் பிரிப்பது?

ஒரு வாசகர், ஜூரோங், சிங்கப்பூர்

வணக்கம்.

முதலில் பொத்தான். மாடி எண் கட்டத்தை, பக்கத்தின் தோற்றத்தை அமைக்கும் சிஎஸ்எஸ்ஸில் மறைத்திருப்பீர்கள். 'கட்டாயம் நிரப்பு' என்னும் ரிக்கொயர்ட் குறிப்பு அதில் ஒட்டிக்கொண்டே இருக்கும். கண்ணுக்குத்தான் கட்டம் இல்லை, பிரவுசரின் கணக்கில் உண்டு. காலியாக இருப்பதால் அனுப்ப விடாது. மறைந்த கட்டத்துக்குக் கர்சரைக் கொண்டுபோக முடியாததால் செய்தியும் காட்டாது. நிரலாளர் பார்க்கும் குரோமின் கன்சோலில் மட்டும் முனகும். அந்தக் கட்டங்களை, கட்டங்களைக் குழுவாக்கும் ஒரு ஃபீல்ட்செட்டுக்குள் வைத்து, மறைக்கும்போதே அதை டிஸேபிள்டும் (செயலிழக்கவும்) செய்யுங்கள். அப்போது சோதனைக்கும் வராது, சர்வருக்கும் போகாது. உள்ளே இருக்கும் ஃபீல்ட்செட்டும் கூடவே அணையும். தட்டியது அழியாது, மனம் மாறித் திரும்புகிறவர் மறுபடி தட்ட வேண்டியதில்லை.

ஐந்தடுக்குக்குக் காரணம் வேறு: 'இதைக் கேட்கலாமா', 'பதில் சரியா' இரண்டையும் ஒரே இஃப்பில் முடிச்சுப் போட்டிருக்கிறீர்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு வரி எழுதுங்கள்: பெயர், தாய்க் கட்டம் (எந்தக் கட்டத்தின் விடையைப் பொறுத்து இது வரும்), எப்போது பொருந்தும், என்ன சோதனை. நாட்டுக் குறியீட்டுக்குத் தாய் 'பாதுகாவலர் இருப்பிடம்'. விடை 'வெளிநாடு' என்றால் பொருந்தும். வயதைப் பற்றி அங்கே பேச்சே வேண்டாம், அது இருப்பிடத்தின் வரியில் இருக்கிறது. பட்டியலை மேலிருந்து நடத்த ஒரே ஃபங்ஷன் போதும்: தாய் பொருந்தினால்தான் பிள்ளையைப் பார்.

தாயைப் பார்க்காமல் விட்டால் என்ன ஆகும்? ஒருவர் 17 என்று தட்டி, வெளிநாட்டைத் தேர்ந்து, பிறகு வயதை 19 எனத் திருத்துவார். இருப்பிடம் மறையும், 'வெளிநாடு' உள்ளேயே கிடக்கும். நாட்டுக் குறியீடு மட்டும் தாயில்லாமல் நின்று, 'என்னை நிரப்பு' என்று அடம்பிடிக்கும்.

சர்வரிலும் இதே பட்டியலை ஓட்டுங்கள். பொருந்தாத மதிப்புகளை உதறிவிட்டுப் பிறகு சோதியுங்கள். இந்த வரிசையை மாற்றினால், தேவையே இல்லாத கட்டத்தின் பழைய தவறுக்காகப் படிவம் திரும்பி வரும்.

அடையாள அட்டை எண் பட்டறைக்கு எதற்கு? சட்டம் கோரினாலோ, ஆளைத் துல்லியமாக உறுதிசெய்தே ஆகவேண்டும் என்றாலோ ஒழிய நிறுவனங்கள் அதைக் கேட்கக்கூடாது என்பது 2019 செப்டம்பர் 1 முதல் சிங்கப்பூரில் உள்ள விதி. எஸ், டி, எஃப், ஜி, எம் என்று முதல் எழுத்துக்கேற்பக் கணக்கு மாற்றும் உங்கள் ஃபங்ஷனோடு அந்தக் கட்டத்தையும் எடுத்துவிடுங்கள்.